பழைய துவக்குக்குப் பழைய மருந்தே

இலங்கையின் மலைகளில் காப்பியை இலைநோய் அரித்து, தேயிலை வேர்பிடிக்கத் தொடங்கிய காலத்தில்தான், 1871 இல், பிரித்தானியப் படை மார்ட்டினி-ஹென்றி துவக்கை ஏற்றது. பிடிக்குக் கீழுள்ள நெம்புகோலை இறக்கினால் பின்கட்டை தாழ்ந்து தோட்டாவுக்கு வழிவிடும். ஏற்றினால் இறுக மூடும். அந்த இரும்பு தாங்கப் பழகியது சுமார் ஐந்தரை கிராம் கருமருந்தின் அழுத்தத்தை. அதனால் நன்றாகப் பேணப்பட்ட ஒன்றை வாங்குபவர் மரத்தின் மெருகைவிடக் குழலுக்குள் ஓடும் சுருள்வரிகளையே பார்க்க வேண்டும். துவக்குத் திருத்துபவர் சோதித்த பிறகு, மென்மையான ஈயக் குண்டும் கருமருந்தும் மட்டுமே போட வேண்டும். இக்காலத்துப் புகையில்லா மருந்தைத் தவறாக அடைத்தால் குழலே பிளந்துவிடலாம்.

சுடாமல் கண்ணாடிப் பெட்டியில் வைப்பதே மரியாதை என்பார்கள். கருமருந்தின் கரி ஈரத்தை இழுக்கும், மலைப்பனியில் துரு விரைந்து பிடிக்கும் என்பதும் உண்மைதான். ஆனால் சுட்ட அன்றே சுடுநீரில் கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூசினால் அந்தத் துரு வராது. அலுமாரியில் மறந்துபோன துவக்கும் துருப்பிடிக்கத்தான் செய்கிறது. அளவாகச் சுடுபவர் அதன் ஒவ்வொரு உறுப்பையும் கழற்றிப் பார்க்கிறார். இலங்கையிலோ 1916 ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் இருக்கிறது; பாட்டன் காலத்துப் பொருளென்றாலும், அனுமதிப்பத்திர விடயத்தைத் தீர்த்துக்கொள்ளாமல் விலை பேசவே கூடாது.