கரை இறங்க விடாமல் திருப்பி அனுப்பப்பட்ட கப்பலுக்கு 100 ஆண்டுகள் கழித்து தபால்தலை: கோமகாட்டா மாருவின் கதை என்ன?

2014 மே மாதம் கனடா அஞ்சல் துறை ஒரு தபால்தலை வெளியிட்டது. விலை 2.50 டாலர், அதாவது வெளிநாட்டுக் கடிதங்களுக்கு ஒட்டும் தபால்தலை. நாட்டுக்குப் பெருமை சேர்த்த விஷயங்களைத்தான் பொதுவாக தபால்தலையில் போடுவார்கள். ஆனால், இந்தத் தபால்தலை நினைவுகூர்ந்தது கனடா தன் துறைமுகத்திலிருந்து விரட்டிய ஒரு கப்பலை. பெயர், கோமகாட்டா மாரு.

அப்படி என்னதான் நடந்தது?

நான்கு பெயர்கள், ஒரே கப்பல்

1890-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், ஒரு ஜெர்மன் நிறுவனத்துக்காகக் கட்டப்பட்ட சாதாரண நீராவிச் சரக்குக் கப்பல் இது. மொத்தக் கொள்ளளவு சுமார் 3,000 டன். முதலில் வைத்த பெயர் ஸ்டூபன்ஹுக். பிறகு சிசிலியா ஆனது. 1913-ல் ஜப்பானிய நிறுவனம் ஒன்று வாங்கியதும் கோமகாட்டா மாரு என்று பெயர் மாறியது. ஜப்பானிய வணிகக் கப்பல்களின் பெயர்கள் 'மாரு' என்று முடிவது வழக்கம்.

'இந்தியர்' என்ற சொல்லே இல்லாத சட்டம்

அந்தக் காலத்தில் கனடாவுக்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள். 1913-ல் மட்டும் 4 லட்சத்துக்கும் அதிகமானோர் அங்கே குடியேறினர். பெரும்பாலானோர் ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வந்தவர்கள்.

இந்தியர்களைத் தடுப்பதில் மட்டும் ஒரு சிக்கல் இருந்தது. இந்தியாவும் கனடாவும் ஒரே பிரிட்டிஷ் பேரரசின் கீழ் இருந்தன. "இந்தியர் வரக் கூடாது" என்று வெளிப்படையாகச் சட்டம் போட்டால் லண்டனுக்குத் தர்மசங்கடம்.

அதனால் 1908-ல் ஒரு விதி வந்தது. சொந்த நாட்டிலிருந்து கிளம்பி, அங்கேயே வாங்கிய டிக்கெட்டில், இடையில் எங்கும் நிற்காமல் வருபவர்களுக்கு மட்டுமே அனுமதி. கேட்க எல்லோருக்கும் பொதுவான விதி மாதிரி இருக்கும். ஆனால், இந்தியாவிலிருந்து கனடாவுக்கு நேரடிக் கப்பல் சேவையே அப்போது கிடையாது! போதாததற்கு, ஆசியாவிலிருந்து வருபவர் கையில் 200 டாலர் வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை வேறு.

துறைமுகத்தில் இரண்டு மாதம்

பஞ்சாபைச் சேர்ந்த தொழிலதிபர் குர்தித் சிங் இந்த விதியை நேருக்கு நேர் சோதித்துப் பார்க்க முடிவு செய்தார். ஹாங்காங்கில் கோமகாட்டா மாருவை வாடகைக்கு எடுத்தார். 1914 ஏப்ரல் 4-ல் புறப்பட்ட கப்பல் ஷாங்காய், மோஜி, யோகோஹாமா துறைமுகங்களில் ஆட்களை ஏற்றிக்கொண்டு மே 23-ல் வான்கூவர் போய்ச் சேர்ந்தது. கப்பலில் இருந்த 376 பேரில் 340 பேர் சீக்கியர்கள், 24 பேர் முஸ்லிம்கள், 12 பேர் இந்துக்கள். எல்லோருமே பிரிட்டிஷ் பேரரசின் குடிமக்கள்.

ஆனால், கரையில் கால் வைக்க விடவில்லை. ஏற்கெனவே கனடாவில் வசித்துவிட்டுத் திரும்பியவர்கள் என்று சுமார் 20 பேரை மட்டும் இறங்க அனுமதித்தார்கள். மற்றவர்கள் கரையைப் பார்த்தபடி கப்பலிலேயே அடைபட்டுக் கிடந்தனர். சாப்பாட்டுக்கும் குடிநீருக்கும் தட்டுப்பாடு வந்தது.

வான்கூவரில் இருந்த இந்தியர்கள் சும்மா இருக்கவில்லை. பணம் திரட்டி கப்பல் வாடகையைக் கட்டினார்கள், வழக்கறிஞரை நியமித்தார்கள். முன்ஷி சிங் என்ற பயணியின் வழக்கு சோதனை வழக்காக நடந்தது. ஜூலை 6-ல், குடியேற்றத் துறையின் முடிவில் தலையிட முடியாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் கைவிரித்துவிட்டது.

ஜூலை 19 அதிகாலை, போலீஸாரை ஏற்றிக்கொண்டு ஓர் இழுவைப் படகு கப்பலை நெருங்கியது. பயணிகள் கையில் கிடைத்த நிலக்கரியை எடுத்து வீசி அவர்களை விரட்டினர். அடுத்து, 'ரெயின்போ' என்ற போர்க்கப்பலே வந்து நின்றது. ஜூலை 23-ல் கோமகாட்டா மாரு திரும்பிச் சென்றது.

சொந்த நாட்டில் காத்திருந்த துப்பாக்கிகள்

கதை இத்தோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. பயணிகள் கிளம்பிய சில நாட்களில் முதல் உலகப் போர் தொடங்கியது. திரும்பி வருபவர்களைக் கிளர்ச்சிக்காரர்களாகவே பார்த்தது பிரிட்டிஷ் அரசு.

செப்டம்பர் 29-ல் கல்கத்தா அருகே பஜ் பஜ்ஜில் கப்பல் நின்றது. பயணிகளைச் சிறப்பு ரயிலில் ஏற்றி நேராகப் பஞ்சாபுக்கு அனுப்ப முயன்றது போலீஸ். அவர்கள் மறுத்தார்கள். மோதல் வெடித்தது. துப்பாக்கிச் சூட்டில் சுமார் 20 பயணிகள் இறந்தனர், பலர் சிறைக்குப் போனார்கள். தப்பிய குர்தித் சிங் ஏழு ஆண்டுகள் தலைமறைவாக இருந்து, 1921-ல் சரணடைந்தார்.

கப்பல் என்ன ஆனது? ஹெய்யன் மாரு என்று நான்காவது பெயரோடு ஓடிக்கொண்டிருந்தபோது, 1926-ல் ஜப்பானின் ஹொக்கைடோ கரையருகே விபத்தில் சிக்கி அழிந்தது.

மன்னிப்பு கேட்க 102 ஆண்டுகள்

அந்த 'நிற்காமல் வர வேண்டும்' விதி 1947 வரை நீடித்தது. பஜ் பஜ்ஜில் இறந்தவர்களுக்கான நினைவிடத்தை 1952-ல் நேரு திறந்துவைத்தார். அந்த ஊர் ரயில் நிலையத்தின் பெயரிலும் இப்போது கோமகாட்டா மாரு இருக்கிறது. கனடா நாடாளுமன்றத்தில் பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ முறைப்படி மன்னிப்பு கேட்டது 2016 மே 18-ல்தான். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே வந்துவிட்டது தபால்தலை.

தமிழர்களுக்கு இதில் என்ன தொடர்பு?

2010 ஆகஸ்ட் மாதம் அதே பிரிட்டிஷ் கொலம்பியா கரைக்கு 'சன் சீ' என்ற சரக்குக் கப்பல் வந்தது. உள்ளே 492 இலங்கைத் தமிழர்கள். உள்நாட்டுப் போர் முடிந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. கனடாவில் பலருக்கும் உடனே நினைவுக்கு வந்த பெயர் கோமகாட்டா மாரு.

ஒரு முக்கிய வித்தியாசம் உண்டு. இந்த முறை கப்பல் திருப்பி அனுப்பப்படவில்லை, அகதிக் கோரிக்கைகள் விசாரிக்கப்பட்டன. ஆனால், வந்தவர்களைத் தடுப்புக்காவலில் வைத்தார்கள். சிலர் பல மாதங்கள் உள்ளே இருந்தார்கள். இப்படிக் கூட்டமாக வருபவர்களைக் கட்டாயக் காவலில் வைக்க வழிசெய்யும் சட்டமும் 2012-ல் வந்தது.

1914-ல் பயணிகளைத் தடுத்த விதியில் இனம், மதம், நாடு என எதன் பெயரும் இல்லை. பயணம் எப்படி இருக்க வேண்டும் என்று மட்டுமே அது சொன்னது. ஒரு குடியேற்ற விதி எல்லோருக்கும் பொதுவானதா என்று தெரிந்துகொள்ள, அதில் எழுதியிருப்பதை மட்டும் படித்தால் போதாது. நடைமுறையில் அது யாரை வாசலிலேயே நிறுத்துகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.