பிறந்த மண்ணில் அந்நியரா?

கடலூர் ஜில்லாவில் குறிஞ்சிப்பாடி, அம்பலவாணன்பேட்டை முதலிய இடங்களில் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருப்பதை நம்மில் பலர் அறிவர். அங்கே வசிப்போரில் பலர் இலங்கையைக் கண்ணாலும் கண்டறியாதவர் என்பதை அறிந்தவர் சிலரே. இந்நாட்டிலேயே பிறந்து, இந்நாட்டுப் பள்ளிகளிலே படித்து வளர்ந்தும், சட்டத்தின் கண்ணுக்கு அவர்கள் அந்நியராகவே இருக்கின்றனர்.

1983-ம் வருஷம் ஜூலை மாதத்துக் கலவரத்தோடு இலங்கையில் மூண்ட உள்நாட்டு யுத்தம் 2009-ம் வருஷம் மே மாதத்தில் ஓய்ந்தது. அந்த இருபத்தாறு வருஷங்களில் மூன்று லக்ஷத்துக்கும் மேற்பட்டோர் கடல் கடந்து தமிழ்நாட்டை அடைந்தனர். பலர் திரும்பிச் சென்றனர். வேறு பலர் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் சென்று அந்நாடுகளின் பிரஜைகளாயினர். தமிழ்நாட்டையே நம்பித் தங்கியவர் ஐம்பதினாயிரத்துக்கும் அதிகமானோர் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் வாழ்கின்றனர்.

இராஜ்ய சர்க்கார் இவர்களைக் கைவிட்டுவிடவில்லை. 2021-ம் வருஷத்தில் 317 கோடி ரூபாய்த் திட்டம் அறிவிக்கப்பட்டது. பழுதுற்ற 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித்தர ஏற்பாடாயிற்று. குடும்பத் தலைவருக்கான மாத உதவி 1,500 ரூபாயாக உயர்ந்தது. அகதி முகாம் என்ற பெயரும் மறுவாழ்வு முகாம் என மாறிற்று. இவை பாராட்டத்தக்கவை. ஆனால் வீடு கொடுக்க இராஜ்யத்தால் இயலும். பிரஜா உரிமை கொடுக்க மத்திய சர்க்காரால்தான் இயலும்.

1955-ம் வருஷத்துச் சட்டப்படி இந்தியாவில் பிறந்தவர் இந்தியப் பிரஜையே. 1987-ம் வருஷம் ஜூலை முதல் தேதியிலிருந்து தாய் தந்தையரில் ஒருவராவது பிரஜையாயிருத்தல் வேண்டுமென்றாயிற்று. 2004-ம் வருஷம் டிசம்பர் முதல் அந்த வாயில் மேலும் குறுகிற்று. ஆகவே 1990-ல் முகாமில் பிறந்த குழந்தை இன்று முப்பது வயதைக் கடந்தும் அகதியே. அவன் பெற்ற பிள்ளையும் அகதியே. மனுச் செய்து உரிமை பெறலாமென்றாலோ, சட்டவிரோதமாகக் குடியேறியோர் என்ற சொல் குறுக்கே நிற்கிறது. 2019-ம் வருஷத்துத் திருத்தம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்காளதேசம் ஆகிய நாடுகளிலிருந்து வந்த சிறுபான்மையோருக்கு வழி திறந்தது. இலங்கையிலிருந்து வந்தோருக்குத் திறக்கவில்லை. 2025 செப்டம்பரில் வெளியான உத்தரவு, 2015 ஜனவரி 9-ந் தேதிக்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குப் பாஸ்போர்ட் இல்லாக் குற்றத்தினின்று விலக்களித்தது. தண்டனைப் பயம் நீங்கிற்று, உரிமை வந்தபாடில்லை.

யுத்தம் முடிந்துவிட்டதே, திரும்பிப் போகலாமே என்பர் சிலர். போக விரும்புவோருக்குச் சகல உதவியும் செய்வது நியாயமே. ஆனால் இங்கேயே பிறந்தவன் எங்கே திரும்புவது? சர்க்காரே கரையில் வரவேற்று, பெயர் பதிந்து, உணவும் உறைவிடமும் அளித்தவர்களைத் திருட்டுத்தனமாக நுழைந்தவரோடு ஒன்றாக வைத்து எண்ணுவது எந்த தர்மத்தைச் சேர்ந்தது?

இப்பிரதேசத்தார்க்கு இதில் தனிக் கடமை உண்டு. பறங்கியர் ஆட்சிக்கு அஞ்சி யாழ்ப்பாணத்தை விட்டு நீங்கிய ஞானப்பிரகாச முனிவர் சிதம்பரத்தில் திருக்குளம் வெட்டினார் என்பது கர்ணபரம்பரை. அக்குளம் இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. நல்லூர் ஆறுமுக நாவலர் 1864-ல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். கிழக்கிலங்கையிற் பிறந்த விபுலாநந்த அடிகள் 1931-ல் அண்ணாமலை சர்வகலாசாலையின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். அப்பெரியோரை அந்நியரென்று தில்லை எண்ணியதில்லை. குறிஞ்சிப்பாடிக்கு அருகே வடலூரில் 1867-ல் இராமலிங்க அடிகள் தொடங்கிய தருமசாலை, பசித்து வந்தவரிடம் ஊர் கேட்பதில்லை.

இந்திய மண்ணில் பிறந்த முகாம்வாசிகளுக்குப் பிரஜா உரிமை அளிக்கும் திருத்தத்தைப் பார்லிமெண்டு நிறைவேற்றவேண்டும். அதனை ஓயாது வற்புறுத்துவது கடலூர், சிதம்பரம் தொகுதிகளின் பிரதிநிதிகள் கடமை. அவர்களை வற்புறுத்துவது நம் கடமை. முகாமிலுள்ளவருக்கு வாக்கில்லை, நமக்கு இருக்கிறது.