குழந்தையின் கையில் ஓர் அஞ்சலட்டை

மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் வளரும் நம் குழந்தைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். பள்ளியிலோ பிற மொழிகளைப் படிக்கிறார்கள். ஊரிலுள்ள பாட்டியோடு தொலைபேசியில் தமிழில் உரையாடும் பிள்ளை, அவர் கைப்பட எழுதிய நான்கு வரியைப் படிக்க இயலாமல் நிற்பதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். இக்குறையைத் தொடக்கப் பள்ளிப் பருவத்திலேயே நாம் களைதல் வேண்டும்.

தமிழெழுத்து 247 என்று மலைக்க வேண்டுவதில்லை. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. எஞ்சிய 216 உயிர்மெய்களும் இவற்றின் சேர்க்கையே. உகர, ஊகார வரிசைகளுக்கு மட்டும் சற்றுக் கூடுதலான பயிற்சி தேவை. ட, ப, ம என்னும் எளிய வடிவங்களில் தொடங்கிப் புள்ளியையும் கற்பித்தால், ‘படம்’, ‘பட்டம்’, ‘மடம்’ எனக் குழந்தை விரைவில் படித்து மகிழும்.

படித்ததை எழுதவும் ஒரு காரணம் வேண்டுமன்றோ? 1879-இல் நம் நாட்டிற்கு வந்த அஞ்சலட்டை அதற்கு ஏற்றது. இடம் சிறிது, ஆகவே குழந்தைக்கு அச்சமில்லை. மாதம் ஒன்று பாட்டிக்கு எழுதட்டும். பள்ளியில் நடந்தது, உண்டது, விளையாடியது எதுவாயினும் நன்றே. பிழை திருத்தி மீண்டும் எழுதச் சொல்லாதீர்கள். பாட்டியின் பதிலை உடனிருந்து உரக்கப் படிக்கச் செய்யுங்கள். ரகர றகரமும், லகர ளகர ழகரமும் மெல்ல மெல்லப் பழக்கத்திற்கு வரும்.

தமிழ் வகுப்பு வாரத்தில் ஒரு நாளே. வீடு நாள்தோறும் உண்டு. பெற்றோர் இவ்வாரமே ஓர் அஞ்சலட்டை வாங்கிக் குழந்தையின் கையில் கொடுக்குமாறு வேண்டுகிறோம்.