எந்தத் துறைமுகத்தில் கப்பல் ஏறலாம்?

மும்பையில் மழை வலுக்கத் தொடங்கினால் சென்னைத் துறைமுகத்துக்குச் சுற்றுலாக் கப்பல் வரும் காலம் நெருங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். 2022 ஜூன் 4 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பிவைத்த கார்டீலியா நிறுவனத்தின் ‘எம்ப்ரஸ்’ கப்பல், அதன் பிறகு இந்த வழக்கத்தை விடவில்லை. ஆண்டில் பெரும்பகுதி மும்பையைச் சுற்றியே ஓடும் கப்பல், நடுவில் சில மாதங்கள் நம் ஊருக்கு வருகிறது. அப்போதெல்லாம் டிராவல் ஏஜென்ட்டுகளிடம் வரும் கேள்வி ஒன்றுதான்: “சென்னையிலேயே ஏறிடலாமா, இல்லை கொச்சிக்குப் போகணுமா? அதுக்குச் சிங்கப்பூரே போயிடலாமே?”

கேள்வி சின்னதுதான். ஆனால் ‘வீட்டுக்குப் பக்கத்தில் எது’ என்று மட்டும் பார்த்து முடிவெடுத்தால், மிச்சப்படுத்திய பணத்துக்குப் பதிலாக வேறு எதையோ விட்டுக்கொடுத்திருப்போம். கப்பல் எங்கே கிளம்புகிறது என்பதுதான் அது எந்த ஊருக்குப் போக முடியும், எந்த மாதத்தில் போக முடியும், நம் பையில் பாஸ்போர்ட் இருக்க வேண்டுமா என்பது வரை எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஒரு துறைமுகத்தில் பெரிய பயணிகள் கப்பல் நிற்பதைப் பார்த்தாலே அங்கே ஏறலாம் என்று அர்த்தமில்லை. ஐரோப்பாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ புறப்பட்டு உலகம் சுற்றும் கப்பல்கள் கொச்சியிலும் சென்னையிலும் ஒரு பகல் நின்று, பயணிகளை மாமல்லபுரத்துக்கோ மட்டாஞ்சேரிக்கோ பஸ்ஸில் அனுப்பிவிட்டு, மாலையில் கிளம்பிவிடும். அவற்றுக்கு நம் துறைமுகம் வழியில் வரும் நிறுத்தம், அவ்வளவுதான். பயணம் தொடங்கி முடிகிற தாய்த்துறைமுகம் என்றால் அதன் தேவைகளே வேறு. எம்ப்ரஸில் சுமார் 800 கேபின்கள் இருக்கின்றன. ஒரே நாளில் ஒரு கூட்டத்தை இறக்கி, அறைகளைச் சுத்தம் செய்து, அரிசி பருப்பு முதல் குடிநீர், எரிபொருள் வரை நிரப்பி, குப்பையைக் கழித்து, புதிய கூட்டத்தின் பெட்டிகளை ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும். குடியேற்ற, சுங்க அதிகாரிகள் அங்கே இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அத்தனை கேபின்களையும் வாரத்துக்கு இரண்டு முறை நிரப்பக்கூடிய மக்கள்தொகை பக்கத்திலேயே இருக்க வேண்டும். தூத்துக்குடியும் நாகப்பட்டினமும் நல்ல துறைமுக ஊர்கள்தான். ஆனாலும் சொகுசுக் கப்பல் அங்கே குடியிருக்க வராததற்குக் காரணம் இதுதான். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு 2011 ஜூனில் தொடங்கிய ‘ஸ்கோஷியா பிரின்ஸ்’ பயணிகள் கப்பலே அந்த ஆண்டு முடியும் முன்பு நின்றுபோனது.

அடுத்தது காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலைக் கொந்தளிக்க வைக்கும். மும்பை, கோவா, லட்சத்தீவு வழித்தடத்தில் அப்போது சொகுசாக எதுவும் நடக்காது. அதே மாதங்களில் சென்னைக் கடல் அந்த அளவுக்கு மோசமில்லை. அதனால் கப்பல் கிழக்கே வருகிறது. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கி வங்காள விரிகுடாவில் புயல் சின்னங்கள் வரிசைகட்டும்போது, அது மேற்கே போய்விட்டிருக்கும். ஆகவே தீபாவளி, பொங்கல் விடுமுறைக்குச் சென்னையில் கப்பல் ஏறலாம் என்று கணக்குப் போட்டிருப்பவர்கள் கணக்கை மாற்றிக்கொள்ள வேண்டும். நமக்குப் பக்கத்துத் துறைமுகம் என்பது ஆண்டு முழுவதும் பக்கத்தில் இருப்பதில்லை. பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு இது இன்னும் சங்கடம். மே விடுமுறை முடிந்து வகுப்புகள் தொடங்குகிற நேரத்தில்தான் சென்னையில் சீசன் களைகட்டும்.

இனி, கப்பல் எவ்வளவு தூரம் போகும் என்று பார்ப்போம். மணிக்கு 30 கிலோமீட்டர் வாக்கில் ஓடுகிற கப்பல், மாலையில் கிளம்பி மறுநாள் காலைக்குள் 400 கிலோமீட்டர் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொச்சியிலிருந்து லட்சத்தீவின் கவரத்தி 404 கிலோமீட்டர், அகத்தி 459. இரவு தூங்கி எழுந்தால் பவளத்தீவு. மும்பைக்காரருக்குக் கோவா அப்படி. சென்னைக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஓரிரவுத் தொலைவில் இருக்கும் எண்ணூர், கிருஷ்ணபட்டினம், காரைக்கால் எல்லாம் சரக்குத் துறைமுகங்கள். விசாகப்பட்டினம் சுமார் 600 கிலோமீட்டர். அங்கே 2023 செப்டம்பரில் தனிப் பயணிகள் முனையமே திறந்துவிட்டார்கள் என்றாலும், ஓரிரவில் எட்டாது. அதனால்தான் சென்னையில் இரண்டு இரவுப் பயணம் என்று விற்கப்படுவது பெரும்பாலும் ‘ஹை சீ’ சுற்று. நடுக்கடல் வரை போவது, நீச்சல் குளம், பாட்டு, நடனம், மூன்று வேளையும் பஃபே, பிறகு புறப்பட்ட இடத்துக்கே திரும்புவது. வேறு எந்த ஊரிலும் கால் வைக்க மாட்டோம். இதை விளம்பரத்தில் பொடி எழுத்தில் போடுவதுதான் எனக்குப் பிடிக்காத விஷயம். ஓய்வுதான் வேண்டும் என்பவருக்கு இது போதும். ஊர் பார்க்கலாம் என்று நம்பி ஏறியவர் இரண்டாம் நாள் மதியத்துக்குள் முகம் சுளிப்பார்.

சென்னையில் ஏறி ஊர் பார்க்க வேண்டுமென்றால் ஐந்து இரவுப் பயணம்தான் சரி. 2023 ஜூனில் ஒன்றிய அமைச்சர் சர்பானந்த சோனோவால் தொடங்கிவைத்த இலங்கைச் சுற்றில் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று மூன்று துறைமுகங்கள் இருந்தன. சென்னையில் ரயிலை விட்டு இறங்கி, விமானமே ஏறாமல், கோணேசர் கோயிலையும் யாழ்ப்பாணத்து நல்லூரையும் பார்த்துவர ஒரு வழி கிடைத்தது. அதற்குப் பாஸ்போர்ட் வேண்டும். இலங்கையின் விசா விதிகள் அடிக்கடி மாறுவதால், பதிவு செய்யும் நாளில் என்ன நடைமுறை என்று கேட்டுக்கொள்வது நல்லது. ஒன்றை மறக்க வேண்டாம்: நாகப்பட்டினம்–காங்கேசன்துறை கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் ‘சிவகங்கை’ என்ற பெயரில் மறுபடி ஓடத் தொடங்கியது. அது சில மணி நேரத்தில் கரை சேர்க்கும் பயணிகள் படகு, சுற்றுலாக் கப்பல் இல்லை. யாழ்ப்பாணம் மட்டும் போதும் என்பவர்களுக்கு அதுதான் சிக்கனம்.

பயணத்திட்டத்தில் அச்சாகியிருக்கும் ஊரெல்லாம் கைக்கு வந்துவிடும் என்றும் நினைக்கக் கூடாது. 2022 ஜூனில் சென்னையிலிருந்து விசாகப்பட்டினம் போய்த் திரும்பும் வழியில் எம்ப்ரஸ் புதுச்சேரிக்கும் வருவதாக இருந்தது. கப்பலில் கேசினோ இருக்கிறது, கலாச்சாரம் கெடும் என்று எதிர்ப்பு கிளம்ப, அரசு அனுமதி தரவில்லை. 2025 ஜூலையில்தான் பயணிகள் புதுச்சேரியில் இறங்க முடிந்தது. அப்போதும் கப்பல் கரைக்கு வரவில்லை. ஆழம் போதாத இடங்களில் கப்பல் கடலில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். சிறு படகுகளில் மாற்றி ஏற்றிக் கொண்டுபோவார்கள். அலை கூடினால் அந்தப் படகுச் சவாரி ரத்து. லட்சத்தீவிலும் இதே கதைதான். முழங்கால் வலியோடு வரும் பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள், ‘கப்பல் துறைமுகத்தில் கட்டுமா, படகில் இறக்குவார்களா’ என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும். ஊர் ஒன்று விடுபட்டுப்போனால் கட்டணம் திரும்பக் கிடைக்காது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருப்பார்கள்.

இப்போது தமிழ்நாட்டு வரைபடத்தை எடுத்துக்கொள்வோம். சென்னை நம் தலைநகரம் என்பதால் எல்லோருக்கும் அதுவே பக்கம் என்று தோன்றும். கோயம்புத்தூரிலிருந்து சென்னை 500 கிலோமீட்டர். கொச்சி 190 தான். நாகர்கோவிலிலிருந்து சென்னை சுமார் 700. கொச்சி அதில் பாதிகூட இல்லை. சேலத்துக்காரருக்கு இரண்டும் ஏறத்தாழ ஒரே தூரம். கொச்சியில் வில்லிங்டன் தீவிலேயே முனையங்கள் இருக்கின்றன. 2013-இல் ‘சமுத்ரிகா’, 2021 பிப்ரவரியில் ‘சாகரிகா’. எர்ணாகுளம் ரயில் நிலையத்தில் இறங்கினால் ஆட்டோ தூரம். ஒரே ஒரு சங்கதி: கொச்சியில் ஏறும் பயணங்களில் சில மும்பையில் போய் முடியும். டிக்கெட் மலிவாகத் தெரிந்தால், மும்பையிலிருந்து திரும்பிவரும் விமானக் கட்டணத்தையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள்.

திருச்சிக்காரர்களின் கணக்குதான் விசித்திரம். ரயிலில் சென்னைக்கு வந்துசேர ஐந்து மணி நேரம் போல ஆகிறது. திருச்சியிலிருந்து நேரடி விமானத்தில் சிங்கப்பூர் நாலரை மணி நேரத்துக்குள். மணிக்கணக்கில் பார்த்தால் திருச்சிக்குச் சிங்கப்பூரும் பக்கத்துத் துறைமுகம்தான்! இந்த உறவு புதிதும் அல்ல. 1926-இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970-கள் வரை ஓடியது. டெல்டா மாவட்டத்துக் குடும்பங்களில் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிய தாத்தாக்கள் இன்றும் பேச்சில் வருவார்கள்.

சிங்கப்பூரின் பலம் அதன் அக்கம்பக்கம். போர்ட் கிளாங் ஓரிரவில், அடுத்து பினாங்கு, இன்னும் கொஞ்சம் வடக்கே போனால் புக்கெட். மூன்றே இரவில் இரண்டு நாடுகள் பார்த்துவிடலாம். பருவமழைக்குப் பயந்து கப்பல் இடம்பெயர வேண்டியதில்லை. ஆண்டு முழுவதும் ஓட்டம். கப்பலும் பெரிது: அங்கிருந்து ஓடும் ‘ஜென்டிங் டிரீம்’ ஒன்றரை லட்சம் டன், நம் எம்ப்ரஸைப் போல மூன்று மடங்கு. எம்ப்ரஸ் 1990-இல் கட்டியது. ஜென்டிங் டிரீம் 2016-இல். இந்தியர்கள் அதிகம் வருவதால் சைவச் சாப்பாட்டுக்கும் பஞ்சமில்லை.

ஆனால் பில் நீளும். விமான டிக்கெட், சிங்கப்பூர் விசா, ஒரு நாள் முன்னதாகப் போய்த் தங்கும் ஹோட்டல் மூன்றையும் கூட்டுங்கள். அந்த ஒரு நாளை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். கப்பலுக்கான செக்-இன், புறப்பாட்டுக்கு வெகு முன்பே மூடிவிடும். விமானம் தாமதமாகிவிட்டது என்பதற்காக எந்தக் கேப்டனும் காத்திருக்க மாட்டார். கப்பலில் ஏறும்போது சிங்கப்பூரை விட்டு வெளியேறி, இறங்கும்போது மறுபடி நுழைகிறோம் என்பதால் விசா ஒன்றுக்கு மேற்பட்ட நுழைவுக்குச் செல்லுபடியாக வேண்டும். சிங்கப்பூரில் முனையங்களும் இரண்டு. ஒன்று மரினா பே, இன்னொன்று ஹார்பர்ஃபிரன்ட். பெட்டியோடு தவறான முனையத்தில் போய் நிற்காமல் இருக்க, எம்ஆர்டி ரயிலில் மரினா சவுத் பியர் நிலையமா, ஹார்பர்ஃபிரன்ட் நிலையமா என்று டிக்கெட்டைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

கட்டணத்தைப் பற்றிக் கொஞ்சம். விளம்பரத்தில் வருவது ஓர் அறையில் இருவர் தங்கினால் ஒருவருக்கான தொகை, அதுவும் ஜன்னலே இல்லாத உள்கேபினுக்கு. அதன்மேல் துறைமுகக் கட்டணம், ஜிஎஸ்டி, ஊழியர்களுக்கான டிப்ஸ் என்று தனித்தனியாக ஏறும். தனியாகப் போகிறவர் கிட்டத்தட்ட இருவருக்கான பணத்தைக் கட்ட நேரிடும். மது, வைஃபை, சில உணவகங்கள், கரையில் இறங்கிச் சுற்றும் பஸ் ஆகியவற்றுக்குத் தனிக் காசு. அருகில் உள்ள துறைமுகத்தில் ஏறுவதால் மிச்சமாவது கப்பல் கட்டணம் அல்ல, வீட்டிலிருந்து கப்பல்வரை ஆகும் செலவு. நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு அதுவே பெரிய தொகை.

சென்னையில் ஏறுகிறவர்களுக்கு நடைமுறை எளிது. கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரேதான் துறைமுகம். எந்த வாயில் வழியாக உள்ளே விடுவார்கள் என்பதை மட்டும் டிக்கெட்டோடு வரும் தாளில் பார்த்துக்கொள்ள வேண்டும். கன்டெய்னர் லாரிகள் நகரும் சாலையில் தவறான வாயிலிலிருந்து பெட்டியை இழுத்துக்கொண்டு நடப்பது வேதனை. பெரிய பெட்டிகளில் கேபின் எண் எழுதிய சீட்டைக் கட்டி வாங்கிக்கொள்வார்கள். அவை அறை வாசலுக்கு வந்துசேர மாலையாகிவிடலாம். ஆகவே சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள், அடையாள அட்டை, பிள்ளைகளுக்கு மாற்றுடை எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். ஏறியதும் உயிர்காப்புப் பயிற்சி நடக்கும். சர்வதேச விதிப்படி அது கட்டாயம், செல்ஃபி எடுக்கும் நேரமல்ல. கப்பல் ஆட்டத்துக்கு அஞ்சுகிறவர்கள் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் கேபின் கேளுங்கள். உயரத்தில் பால்கனியோடு இருப்பதுதான் அதிகம் ஆடும், விலையும் அதற்குத்தான் அதிகம்.

நிலைமை மாறக்கூடும். 2024 செப்டம்பரில் அறிவித்த ‘குரூஸ் பாரத்’ திட்டம், 2029-க்குள் இந்தியாவில் கப்பல் சுற்றுலாப் பயணிகளை இரட்டிப்பாக்குவதை இலக்காக வைத்திருக்கிறது. மும்பையில் புதிய சர்வதேச முனையம் 2025 செப்டம்பரில் திறந்தாகிவிட்டது. ஆனாலும் கிழக்குக் கரையில் ஓரிரவுத் தூரத்தில் இறங்கிப் பார்க்க இன்னும் இரண்டு ஊர்கள் கிடைக்காத வரை, சென்னை இரண்டு இரவுச் சுற்று நடுக்கடலைச் சுற்றித்தான் வரும்.

என் தீர்ப்பைக் கேட்டால் இதுதான். கப்பலே ஏறாதவர், உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா என்று தெரியாதவர், வயதான பெற்றோரை அழைத்துப் போகிறவர், ஜூன்–ஆகஸ்டில் சென்னையிலிருந்து குறுகிய பயணம் போகலாம். கொங்கு, குமரிப் பக்கத்தார் குளிர்காலத்தில் கொச்சியைப் பாருங்கள். பாஸ்போர்ட்டும் ஒரு வார விடுப்பும் இருந்து, இறங்கிச் சுற்றவே ஆசைப்படுகிறவர்கள் சிங்கப்பூருக்கே போங்கள். எதுவானாலும் முன்பணம் கட்டும் முன்பு பயணத்திட்டத்தை வாங்கி, எத்தனை முறை கரையில் இறங்குவோம் என்று எண்ணிப் பாருங்கள். பூஜ்யம் என்று வந்தால், தெரிந்தே ஏறுங்கள்.