வெட்டாத மரத்துக்கும் கடன் உண்டு

அவசரச் செலவு வந்தால் வரப்பு மரத்தை விற்பது விவசாயிகளின் வழக்கம். கேரள மாநிலம் வயநாடு மாவட்டத்திலுள்ள மீனங்காடி ஊராட்சி இதற்கு மாற்று வழி கண்டது.

வெளியேறும் கரியமில வாயுவையும் மண்ணும் மரமும் ஈர்க்கும் அளவையும் சமமாக்க 2016-ல் இவ்வூராட்சி முனைந்தது. கணக்கெடுத்ததில், ஆண்டுக்குச் சுமார் 33,000 டன் வெளியேறுவதும், 22,000 டன்னே ஈர்க்கப்படுவதும் தெரியவந்தது. மீதி 11,000 டன்னை ஈடுகட்ட மரம் வளர்ப்பது முக்கிய வழி. இருக்கும் மரத்தை வெட்டினாலோ பற்றாக்குறை கூடும்.

எனவே 'மர வங்கி'த் திட்டம் வகுக்கப்பட்டது. மாநில அரசு அளித்த 10 கோடி ரூபாய் கூட்டுறவு வங்கியில் வைப்பு வைக்கப்பட்டது. அதன் வட்டியிலிருந்து, விவசாயி வளர்க்கும் மரம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 50 ரூபாய் வட்டியில்லாக் கடன். மரத்தை வெட்டினால்தான் கடனைத் திருப்ப வேண்டும்.

20 மரங்களுக்கு ஆண்டுக்கு 1,000 ரூபாய்தான் கிடைக்கும். மர விலைக்கு இது ஈடாகாது. ஆனால் மரம் நிற்கும் வரை பருக்கும். அங்கு நிழல் மரத்தில் மிளகுக் கொடியும் ஏறுகிறது.

விவசாயிகள் தம் வரப்பு மரங்களை எண்ணிக் குறித்து வைப்பது நல்லது. இத்தகைய கடனுதவி வேண்டுமெனக் கிராம சபையில் கேட்கலாம். விறகுத் தேவைக்குக் கிளைகளை மட்டும் கவாத்து செய்யுங்கள், அடிமரம் நிற்கட்டும்.