காசு கொடுத்தால் படைப்பு நமதாகிவிடுமா?

ஃப்ரீலான்ஸ் ஓவியரையோ சிற்பியையோ வைத்து வேலை வாங்குகிறவர்களுக்கு வழக்கமாக இரண்டு பயங்கள்தான். அட்வான்ஸை வாங்கிக்கொண்டு ஆள் காணாமல் போய்விடுவாரோ? சொன்ன தேதிக்கு வேலை முடியாமல் இழுத்தடிப்பாரோ? ஆனால், வேலை நன்றாக முடிந்து, பணமும் கைமாறிய பிறகு வெடிக்கும் தகராறுதான் அதிகம் செலவு வைக்கும். அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு சிலையின் கதையைப் பாருங்கள்.

ஒரு சிலை, இரண்டு சொந்தக்காரர்கள்

வாஷிங்டனில் வீடற்றவர்களுக்காக இயங்கிய 'சிசிஎன்வி' அமைப்பு, 1985 கிறிஸ்துமஸ் விழாவில் ஒரு சிலை வைக்கத் திட்டமிட்டது. இயேசு பிறப்புக் காட்சியில் வரும் குடும்பத்தை, தெருவோரம் நீராவி வரும் இரும்புக் கிராதியின் மேல் ஒண்டிக் கிடக்கும் ஏழைக் குடும்பமாகக் காட்ட வேண்டும். பால்டிமோர் சிற்பி ஜேம்ஸ் ஏர்ல் ரீட் ஒப்புக்கொண்டார். வெண்கலத்தில் வார்த்தால் சுமார் ஒரு லட்சம் டாலர் ஆகும் என்பதால், செயற்கைக் கலவையில் செய்ய முடிவானது. செலவு 15,000 டாலருக்குள்; சிற்பி தன் உழைப்புக்குக் கூலி வாங்கமாட்டார். எல்லாம் வாய்ப்பேச்சு. எழுத்தில் ஒரு வரி கிடையாது.

வேலை நடக்கும்போது அமைப்பினர் வந்து பார்த்தார்கள், யோசனை சொன்னார்கள். குடும்பத்தின் மூட்டை முடிச்சுகளை எதில் வைப்பது என்று பேச்சு வந்தபோது, பெட்டி, பை எல்லாம் வேண்டாம், கடைத் தள்ளுவண்டிதான் வேண்டும் என்றார்கள். சிற்பியும் இணங்கினார். டிசம்பர் 24 அன்று சிலை வந்து சேர்ந்தது. பாக்கிப் பணமும் போய்ச் சேர்ந்தது.

அடுத்த மாதம் சிறு பழுது பார்க்கச் சிலை சிற்பியிடமே திரும்பியது. அதை ஊர் ஊராகக் கொண்டுபோக நினைத்தார் அமைப்பின் மிட்ச் ஸ்னைடர். அத்தனை பயணத்தை இந்தக் கலவை தாங்காது என்று மறுத்த ரீட், சிலையைத் திருப்பித் தரவும் மறுத்தார். இருவருமே பதிப்புரிமைப் பதிவுக்கு மனுப் போட்டார்கள்.

1989-ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. யோசனை சொன்னதாலும் மேற்பார்வை பார்த்ததாலும் ரீட் அமைப்பின் ஊழியர் ஆகிவிடமாட்டார். சொந்தப் பட்டறையில், சொந்தக் கருவிகளோடு வேலை செய்த அவர் தனி ஒப்பந்தக்காரர். ஊழியர் செய்த படைப்பு என்று அமைப்பு உரிமை கோர முடியாது. இருவரும் கூட்டுப் படைப்பாளிகளா என்ற கேள்வி மட்டும் கீழ் நீதிமன்றத்துக்குத் திரும்பியது.

நம் சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957 சற்று வேறு மாதிரி. பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கும் வரையச் சொன்ன ஓவியத்துக்கும், மாற்று ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். ஆனால் அந்தப் பட்டியலில் சிற்பம் இல்லை. கணினியில் வடிவமைக்கும் அட்டையும் லோகோவும் அதில் அடங்குமா என்பது வாதத்துக்குரியது. அடங்காது என்றால், உரிமையைக் கையெழுத்திட்ட ஆவணம் மூலம்தான் மாற்ற முடியும். அந்த ஆவணத்தில் காலம் சொல்லாவிட்டால் 5 ஆண்டுகள். எல்லை சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்.

உரிமை முழுவதையும் எழுதி வாங்கினாலும், படைப்பைச் சிதைப்பதற்கு எதிரான உரிமை கலைஞரிடமே இருக்கும். டெல்லி விஞ்ஞான் பவனில் சிற்பி அமர்நாத் சேகல் உருவாக்கிய பிரம்மாண்டச் சுவர்ச் சிற்பத்தை 1979-ல் அரசு பெயர்த்தெடுத்தது. 2005-ல் டெல்லி உயர் நீதிமன்றம், மிச்சத்தைச் சிற்பியிடம் ஒப்படைத்து 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் தரச் சொன்னது.

ஒரு பக்க ஒப்பந்தம் போதும்

முதலில் உரிமை யாருக்கு, எத்தனை காலத்துக்கு, எந்தெந்த வடிவங்களுக்கு என்று எழுதுங்கள். புத்தக அட்டைக்கு வாங்கிய படத்தை டி-ஷர்ட்டில் போடலாமா என்பதையும் சேருங்கள். எத்தனை கரெக்‌ஷன் வரை கூடுதல் காசு இல்லை, லேயர்கள் தனித்தனியாக இருக்கும் மூலக் கோப்பு கிடைக்குமா, வேலை பாதியில் நின்றால் எவ்வளவு தொகை என்பவை அடுத்து வரட்டும். படமும் எழுத்துருவும் முறையாக வாங்கியவை என்ற உறுதிமொழி கட்டாயம். திருட்டுப் படம் என்று நோட்டீஸ் வந்தால் அது அச்சிட்டவர் பெயருக்கும் வரும்.

'தெரிந்தவர்தானே, எதற்கு எழுத்து' என்பது நம் ஊர்ப் பழக்கம். கையெழுத்துக் கேட்டால் கலைஞர் கோபித்துக்கொள்வார் என்ற தயக்கமும் வேண்டாம். பேசிய கூலியைக் குறைப்பதையும், ஒரு வேலைக்குக் கொடுத்த படத்தை ஒன்பது இடத்தில் போடுவதையும் தடுக்க அவருக்கு இருக்கும் ஆயுதமும் அதே காகிதம்தான்.