இரவிலும் மேல்மாடி ஏன் கொதிக்கிறது?

வெயில் தாழ்ந்த பிறகுதான் மேல்மாடி அறை அதிகம் புழுங்கும். ஏன்? கான்கிரீட் தளத்தின் மேல்பக்கம் வாங்கிய வெப்பம் அடிப்பக்கம் வந்துசேரச் சில மணி நேரம் ஆகும். பிறகு கூரையே நம்மீது அகச்சிவப்புக் கதிர்களை வீசுகிறது. மின்விசிறி வியர்வையை உலர்த்தும், கதிர்வீச்சைத் தடுக்காது.

எப்படித் தணிப்பது? பழைய சாம்பல்நிறத் தளம் தன்மீது விழும் வெயிலில் பாதிக்கும் மேல் உறிஞ்சிவிடும். புதிய வெள்ளைச் சுண்ணாம்பு பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். பசை கலந்து இரண்டு கோட் அடிக்கலாம். மழையில் கரையும், தூசி படிந்தால் பலன் குறையும். ஆகவே கோடைக்கு முன் ஆண்டுதோறும் அடிக்க வேண்டும். மாலையில் மாடியில் தண்ணீர் ஊற்றுவதும் குளிர்விக்கும்தான், ஆனால் லாரித் தண்ணீர் வாங்கும் தெருவில் அது ஆடம்பரம்.

மேற்குச் சன்னலுக்கு வெளியே கீற்றுத் தட்டி கட்டுங்கள். உள்ளே திரைச்சீலை போட்டால், கண்ணாடியைத் தாண்டிவிட்ட வெப்பத்தில் பெரும்பகுதி அறையிலேயே தங்கிவிடும்.